இரண்டு மில்லிமீட்டர்

ஏரி உறைந்துவிட்டது. துலூத் துறைமுகத்தில்
தாதுக் கப்பல்கள் மார்ச் வரை நகராது.
லோர்னா ட்வெய்ட் பூட்ஸில் ஒட்டிய பனியை உதைத்து உதறி
பெட்டியை என் மேஜைமேல் வைத்தாள்.
அறுபத்தாறாம் வருட பேஸ் கிட்டார்.
திறந்ததும் பழைய லாக்கரின் வாடை,
கூடவே சிகரெட், சிந்திய பியர்,
யாரோ ஒருத்தியின் ஹேர் ஸ்பிரே.

"கழுத்து தடிமன். குறைக்கணும்."
கட்டைவிரலை மடக்கிக் காட்டினாள்.
பாதிதான் மடங்கியது.
அடிமூட்டில் எலும்பு புடைத்திருந்தது,
தோலுக்குள் ஒரு கூழாங்கல்லைப் பதுக்கியதுபோல்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்:
அரம் பட்டால் விலை பாதி.
எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.
மினியாபொலிஸில் கெஸ்லர் மூன்று வருடமாய்க் கேட்கிறார்,
அப்படியே வேண்டுமாம், கீறல்கள் உட்பட.
அவள் ஒற்றைக் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தாள்.
"சனிக்கிழமை நடனம் இருக்கு. அதுக்குள்ள முடியுமா?"

எப்படித் தெரிந்ததோ, அன்று மாலையே
கெஸ்லர் ஃபோனில் வந்தார்.
"கழுத்தறுத்துவிடாதே" என்றார்.
என் வாழ்நாளில் யாரும் அந்தச் சொல்லை
இவ்வளவு பொருத்தமாய்ச் சொன்னதில்லை.

நான்கு திருகாணிகள். கழுத்து தனியே வந்தது.
அடிக்கட்டையில் பென்சிலில் ஒரு தேதி,
அதன்மேல் தொழிற்சாலையில் எவரோ
காபிக் கோப்பை வைத்த பழுப்பு அரைவட்டம்.
அதை மூடி டேப் ஒட்டினேன்.

ஊசிச்சீப்பை முதுகில் அழுத்தி எடுத்து
வளைவைக் காகிதத்தில் வரைந்தேன்.
ஒன்றாம் ஃப்ரெட், மூன்று, ஐந்து, ஏழு.
ஐந்தில் கோடு ஒத்துவரவில்லை.
மறுபடி அழுத்தினேன். விளக்கைச் சாய்த்தேன்.
லாக்கர் என்றோ போய்விட்டது, மேப்பிளே உள்வாங்கியிருக்கிறது:
ஒரு கட்டைவிரல் அகலம்,
மயிரிழை ஆழம்.

அசல் அசல் என்று கெஸ்லர் கேட்டாரே,
அதை ஐம்பத்தேழு வருடமாய்
வெள்ளி இரவும் சனி இரவும்
இவள் இழைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்,
உளியில்லாமல்.

மிச்சத்துக்கு நான்.
இருபக்கமும் கைப்பிடித்த இழைப்புளி முதலில்,
பிறகு அரம், பிறகு சுரண்டி.
சுருள் சுருளாய் விழுந்தது,
மேலே தேன் நிறம், உள்ளே ரொட்டியின் வெள்ளை.
ஒரு சுருள் எத்தனை டாலர் என்று
கணக்குப் போடாமல் இருக்க ரேடியோவை வைத்தேன்.
மீன்பிடிக்க ஏரியில் துளையிடுவது பற்றி ஒருவர்:
பனி எத்தனை அங்குலம் இருந்தால் ஆளைத் தாங்கும்,
எத்தனை இருந்தால் காரை.

எனக்கும் அதே கேள்விதான்.
மரத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது.
கம்பிகள் இழுக்க அது முறுக்கிக்கொண்டு நிற்கும்.
விரல் முட்டியால் தட்டித் தட்டி,
சத்தம் எங்கே மெலிகிறது என்று கேட்டபடி போனேன்.

இரண்டாம் நாள், ஏழாம் ஃப்ரெட்டுக்குப் பின்னால்
கை கொஞ்சம் அதிகம் போய்விட்டது.
அரை மில்லி. பார்த்தால் தெரியாது.
கதவைத் திறந்து வெளியே போய்
கோட்டில்லாமல் நின்றேன், மூக்கு மரத்துப்போகும்வரை.
உள்ளே வந்து அளந்தேன். அரை மில்லிதான்.
உப்புத்தாளால் சரிவை நீட்டி ஆற்றி
எண்ணெய் பூசினேன். ஈரத்தில் எல்லாத் தப்பும் அழகு.

சனிக்கிழமை காலை. ஸ்டூலில் உட்கார்ந்தாள்.
தடித்த கம்பியில் ஒரே ஒரு சுரம்.
அலமாரியில் திருகாணி டப்பா பதில் சொன்னது.
கை மேலே ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.
ஏழில் நின்றது.

"இங்கே என்ன?"

கெஸ்லருக்கானால் ஏதாவது சொல்லியிருப்பேன்.
"கை தவறிவிட்டது" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
அந்த இடத்திலேயே கட்டைவிரலை வைத்து
நாலைந்து சுரங்கள் நடந்தாள்,
நின்றாள், மறுபடி நடந்தாள்.
கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதரை.

"மத்த இடமெல்லாம் இதுமாதிரி ஆக்கு."

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு
காபி எங்கே என்று கேட்டாள்.
நான் திருப்புளியை எடுத்தேன்.